பூட்ட மறந்த அலமாரி

நெல்லைக் குட்டீஸ்! தம்பி, தங்கையை மழலையர் வகுப்பில் விடப் போகும்போது, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் குட்டி அலமாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பின்னால் ஒரு கதை உண்டு.

இத்தாலியில், 1870 ஆகஸ்ட் 31ல் பிறந்தவர் மரியா மாண்டிசோரி. பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896ல் டாக்டரானார். 1907ல், ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் துவக்கினார்.

அங்கே கற்கும் பொருட்களை அலமாரியில் பூட்டி வைப்பது ஆசிரியையின் வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களே பொருட்களை எடுத்துவிட்டனர். இது திருட்டு என நினைத்தார் ஆசிரியை. மாண்டிசோரியோ, தனக்கு எது வேண்டும் என்பது குழந்தைக்கே தெரிகிறது எனப் புரிந்து கொண்டார். பூட்டு போய், தாழ்வான திறந்த அலமாரிகள் வந்தன.

ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். மணி அடிக்காமலே முறை மாறியது!

1939ல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டே இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இங்கே ஆண்ட ஆங்கில அரசு மகனைக் காவலில் வைத்தது. தாய் வெளியே செல்லத் தடை விதித்தது. அவரது 70வது பிறந்தநாள் பரிசாகத்தான் மகன் விடுதலையானார். பிறகு கொடைக்கானலில், பல வயதுக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்து, செடி, கொடிகளைக் காட்டிக் கற்பித்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1952ல் நெதர்லாந்தில் மறைந்தார்.

இனி தாமிரபரணி மணலில் தங்கை வீடு கட்டினால், பாதியில் கலைக்காதீர்கள் குட்டீஸ். முடிக்கட்டும், உங்கள் முறையும் வரும்!