சேர்ந்து பாட வைத்தவர்

கையில் வாத்தியம் ஏதுமின்றி, கையசைவினாலேயே ஒரு கூட்டத்தைப் பாட வைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். தமிழகத்தில் அவ்வாறு புகழ் பெற்றவர் எம். பி. சீனிவாசன். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர். 1925-ல் சித்தூரில் பிறந்தார்.

இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். ஜாலியன்வாலா பாக் பாடத்தில் நாம் படிக்கும் டாக்டர் கிச்சலுவின் மகள் ஜாகிதாவை மணந்தார். மதம் வேறு, அந்நாளில் அது எளிய காரியமன்று.

1960-ல் ‘பாதை தெரியுது பார்’ படத்திற்கு இசையமைத்தார். மறு ஆண்டு, கொச்சியிலிருந்து வந்த கத்தோலிக்க இளைஞர் ஒருவரை, மலையாளப் படமொன்றுக்காக நாராயண குருவின் நான்கு வரிகளைப் பாட வைத்தார். அவ்விளைஞர்தாம் யேசுதாஸ்! திரைப்பட வாத்தியக் கலைஞர்களின் உரிமைக்காகச் சங்கம் அமைக்கவும் பாடுபட்டார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, 1970-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுதான். கர்நாடக இசையில் எல்லாரும் ஒரே சுரத்தைப் பாடுவார்கள். ஒரு பிரிவு மேலே செல்ல, மற்றொரு பிரிவு கீழே நின்று தாங்குவது நம் ஆலயப் பாடற்குழுவினருக்குப் பழக்கம். பாரதியார் பாடல்களை அவர் அம்முறையில் அமைத்தார். முறையாகச் சங்கீதம் பயிலாதவர்களையும் சேர்த்துக்கொண்டார். தனியே பாடக் கூசும் குரலும் கூட்டத்தில் துணிந்துவிடும். கடைசி வரிசையில் நிற்கும் நான் அதை அறிவேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்ந்து பாடக் கற்பித்தார். 1988 மார்ச் 9-ல், லட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது காலமானார். பின்னர் அக்குழு அவர் பெயரையே சூடிக்கொண்டு பாடிவந்தது.