இந்திரலால் ராய்

திருவனந்தபுரத்தில் இன்று தென்மண்டல விமானப்படைத் தலைமையகம் இயங்குகிறது. நூறாண்டுகளுக்கு முன்போ இந்தியர் ஒருவர் போர்விமானி ஆவது மிக அரிது.

கொல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திரலால் ராய் இலண்டனில் பயின்றார். முதல் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையில் சேர முயன்றார். விமானிப் பயிற்சிக்கு மருத்துவச் சோதனையில் தேறுவது கட்டாயம், இன்றும் அப்படியே. பார்வைக் குறைபாடு எனக் கூறி அவரைத் தள்ளினர். அவரோ தம் மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தில் சிறந்த கண் மருத்துவர் ஒருவரிடம் மீண்டும் சோதித்துக்கொண்டார், முடிவு மாறியது.

1917 டிசம்பரில் அவரது விமானம் நொறுங்கியது. இறந்தவராகக் கருதப்பட்டவர் உயிர்பிழைத்தார். பறக்கத் தகுதியற்றவர் என்ற பின்னும் விடாது முறையிட்டுப் பணிக்கு மீண்டார். நலம்பெற்று வந்த நாள்களில்கூட விமானங்களையே வரைந்துகொண்டிருந்தார்!

1918 ஜூலையில், 13 நாள்களுக்குள் 10 வான்வெற்றிகள் பெற்றார். அம்மாதம் 22ஆம் நாள் பிரான்சின் வானில் நடந்த போரில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு அகவை 19.