பாரதியை நமக்குக் காப்பாற்றித் தந்த செல்லம்மா



நம்ம சாஆ வட்டாரத்துல தமிழ்ப்பள்ளியில் படிச்ச யாரைக் கேட்டாலும் பாரதியார் பாட்டு ஒண்ணாவது சொல்லுவாங்க. பள்ளி விழா மேடையில் முண்டாசு கட்டி, மையால மீசை வரைஞ்சு நிற்கிற பையன் எல்லா ஊரிலும் உண்டு. ஆனா பாரதியாரோட மனைவி பேர் என்னன்னு கேட்டுப் பாருங்க. சிலர் யோசிப்பாங்க, சிலர் கண்ணம்மா என்பாங்க. கண்ணம்மா பாட்டில் வருபவள். அவரோடு குடும்பம் நடத்தியவர் செல்லம்மா. அவர் இல்லையென்றால் அந்தப் பாட்டுகள் இத்தனை சீக்கிரம் மக்கள் கைக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

செல்லம்மா 1890இல் கடையத்தில் பிறந்தார். இன்றைய தென்காசி மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. 1897இல் கல்யாணம். பொண்ணுக்கு 7 வயசு. மாப்பிள்ளைக்கு 15கூட முடியவில்லை. அன்றைய வழக்கம் அப்படி. அந்த வழக்கத்தைப் பின்னாளில் கடுமையாகத் தாக்கி எழுதியவர் பாரதியேதான்.

1904இல் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தாள். அதே ஆண்டு பாரதி சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையில் சேர்ந்தார். அவர் எழுத்து சூடாகச் சூடாக, போலீஸ் கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. 1908இல் கைதுக்குத் தப்பி, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். இரண்டாவது மகள் சகுந்தலா பிறந்ததும் அந்த ஆண்டுதான். பிறகு செல்லம்மாவும் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே 10 வருஷம். பத்திரிகை நின்றுபோனது, வருமானமும் நின்றது. வீட்டைச் சுற்றி எப்போதும் உளவாளிகள். அந்த நாட்களின் குருவிக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதி அள்ளிக் குருவிகளுக்குப் போட்டுவிட்டு, அவை கொத்தித் தின்பதைப் பார்த்து ஆனந்தப்பட்டார். கவிஞரின் கருணைக்கு உதாரணமாகவே இதை மேடையில் சொல்வாங்க. சரிதான். ஆனா அந்த அரிசியைக் கடன் வாங்கி வந்தவர் யார்? குருவி பறந்த பிறகு, பசியோடு இருக்கிற ரெண்டு பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தவர் யார்? அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் செல்லம்மா தெரிவார்.

அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட சிலை மாதிரி இருந்தார் என்று நினைக்க வேண்டாம். கோபப்பட்டிருக்கிறார், அழுதிருக்கிறார், பயந்திருக்கிறார். 1913இல் பாரதி, தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டார். நமக்கு அது பெருமை. அன்றைக்கு உறவுக்காரர்களின் பேச்சையும் ஒதுக்கலையும் தாங்க வேண்டியவர் வீட்டுப் பெண். 1918இல் புதுச்சேரியை விட்டு வந்து, கடலூர்ச் சிறையில் சில வாரம் இருந்து வெளியே வந்த பாரதி, குடும்பத்தோடு கடையத்தில் தங்கினார். அங்கே அக்கிரகாரத்தார் விலகி நின்றார்கள். அது செல்லம்மா பிறந்த ஊர். விலகி நின்றவர்கள் அவர் சொந்த மனிதர்கள்.

1920இல் பாரதி ஒரு பெரிய திட்டம் போட்டார். தன் எழுத்துகளை 40 பகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார். பணம் வரவில்லை. சென்னைக்குத் திரும்பி மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பர் 12, நள்ளிரவு கடந்த நேரம், திருவல்லிக்கேணி வீட்டில் வயிற்றுக்கடுப்பு நோயால் காலமானார். அவருக்கு 38 வயசு. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான்.

செல்லம்மாவுக்கு அப்போது 31. கையில் காசு இல்லை. கணவனை இழந்த பெண் வீட்டு மூலையை விட்டு வெளியே வருவதையே ஊர் தப்பாகப் பேசிய காலம். அந்த நிலையில் அவர் செய்ததுதான் ஆச்சரியம். தம் சகோதரர் அப்பாதுரையின் துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். 1922இலேயே ஸ்வதேச கீதங்கள் இரண்டு பாகங்களாக வெளிவந்துவிட்டது. கணவரால் முடியாமல் போன வேலையை, அவர் மறைந்து ஒரு வருஷம் போல ஆவதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டார்.

அதைத் தொடர்ந்து நடத்த வறுமை விடவில்லை. பதிப்புரிமை கைமாறி, பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. 1928இல் ஆங்கில அரசு பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் சத்தியமூர்த்தி எதிர்த்துப் பேசினார். தடை செய்யும் அளவுக்கு அந்தப் பாட்டுகள் மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அதற்கு முதல் அடி எடுத்து வைத்தவர்களில் செல்லம்மாவும் ஒருவர்.

1941இல் மகள் தங்கம்மாளின் உதவியோடு பாரதியார் சரித்திரம் என்ற நூலைத் தந்தார். 1951இல் திருச்சி வானொலியில் பேசினார். பெரிய கவிஞனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் மறைக்கவில்லை. கணவர் மேல் வைத்திருந்த மதிப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு துணிச்சல் வேணும்.

1949இல் சென்னை அரசு பாரதி பாடல்களின் உரிமையைப் பெற்றது. 1955இல் அவை மக்களின் பொதுச் சொத்து ஆயின. அதே ஆண்டு செல்லம்மா கண்ணை மூடினார்.

பாட்டியாக அவர் விட்டுச் சென்றதும் சாதாரணமில்லை. தங்கம்மாளின் மகள் விஜயா பாரதி, தாத்தாவின் எழுத்தையே ஆராய்ந்து முனைவர் ஆனார். இன்னொரு பேத்தி லலிதா பாரதி இசை ஆசிரியை. லலிதாவின் மகன் ராஜ்குமார் பாரதி கர்நாடக இசைக் கலைஞர். 2022இல் கடையத்தில் பாரதியோடு செல்லம்மாவும் இருக்கும் சிலை திறக்கப்பட்டது.

நண்பர்களே, டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள். அன்றைக்கு நம்ம நிகழ்ச்சியில் முண்டாசு கட்டிய பையன் பக்கத்தில் செல்லம்மாவாக ஒரு பெண்ணும் நிற்கட்டும். அவர் கதையை அவள் சொல்லட்டும். இன்னொன்றும் செய்யலாம். பால்மரம் வெட்டி, செம்பனைத் தோட்டத்தில் உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பாட்டிமார் நம்ம வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கதையை அவர் குரலிலேயே பதிவு பண்ணி வையுங்க.