44 ஆண்டுகள் மண்புழுவை விடாத டார்வின்: வீட்டுத் தோட்டத்துக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்

சார்லஸ் டார்வின் என்றதும் பரிணாமக் கோட்பாடு, கலாபகோஸ் தீவுகள், நீளமான வெள்ளைத் தாடி... இவைதான் நினைவுக்கு வரும். ஆனால், அவர் எழுதிய கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது. அதற்கான ஆய்வுக்கூடம்? பெரும்பாலும் அவர் வீடும் தோட்டமும் பக்கத்து வயலும்தான்.

மாமா காட்டிய புல்வெளி

1809-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்த டார்வின், பீகிள் கப்பல் பயணம் முடித்து 1836-ல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போனபோது, மாமா ஒரு புல்வெளியைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன்பு மேலே தூவிய சுண்ணாம்பும் கரிக்கட்டைச் சிதறல்களும் இப்போது மண்ணுக்கு அடியில் கிடந்தன. யாரும் தோண்டிப் புதைக்கவில்லை. மண்புழுக்களின் வேலையாக இருக்குமோ என்பது மாமாவின் சந்தேகம்.

டார்வின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புழு அடியில் மண்ணைத் தின்கிறது, மேலே வந்து எச்சமாகத் தள்ளுகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மண் சேரச் சேர, கிடந்த பொருள் கீழே போகிறது. இதை 1837 நவம்பரிலேயே லண்டன் புவியியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்துவிட்டார்.

29 ஆண்டு காத்திருப்பு

1842-ல் கென்ட் பகுதியின் டவுன் கிராமத்தில் குடியேறியதும், வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பினார். பரப்பிவிட்டு... காத்திருந்தார். நடுவில் 1859-ல் உலகையே உலுக்கிய பரிணாமப் புத்தகம் வந்தது. 1871-ல் அந்த வயலில் பள்ளம் வெட்டிப் பார்த்தால், சுண்ணக்கல் 7 அங்குல ஆழத்தில் வரிசையாக இருந்தது!

இதற்குள் எதிர்ப்பும் கிளம்பியிருந்தது. இத்தனூண்டு புழு இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று 1869-ல் ஒரு தோட்டக்கலை எழுத்தாளரே மறுத்தார். புல்வெளியை அழகாக வைத்திருக்க நினைப்பவர்களுக்கு, அதில் மண் குவிக்கும் புழு ஒரு தொல்லை. டார்வின் வாதம் செய்வதைவிட அளந்து பார்ப்பதையே நம்பினார்.

புழுவுக்கு ஒரு கச்சேரி

வயதான காலத்தில் வீட்டுக்குள்ளேயே தொட்டிகளில் புழு வளர்த்தார். விசில் ஊதினார்கள், மகன் பிரான்சிஸ் பஸ்ஸூன் வாசித்தார். ம்ஹூம், புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் சட்டென வளைக்குள் ஓடின. அவற்றுக்குக் காது கேட்காது, அதிர்வு தெரியும் என்று புரிந்தது. இலையை வளைக்குள் இழுக்க எந்த முனையைப் பிடிக்கின்றன என்றுகூடக் கணக்கெடுத்தார்.

1881 அக்டோபரில் புத்தகம் வந்தது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் விற்றது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய்வருகிறது என்பது அவர் போட்ட கணக்கு. மனிதன் கலப்பை கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே நிலத்தை உழுதுவருவது புழுதான் என்றும் காட்டினார். தொல்லை என்று பெயரெடுத்த புழு, வேலைக்காரனாக மாறியது இப்படித்தான்.

அடுத்த ஆண்டு, 1882 ஏப்ரல் 19-ல் டார்வின் இறந்தார். டவுன் கிராமத்து மண்ணிலேயே அடங்குவோம் என்று எண்ணியிருந்தவரை, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

உங்கள் தோட்டத்துக்கு என்ன?

புழு போடும் வளைகள் வழியாகவும் காற்றும் தண்ணீரும் வேருக்குப் போகின்றன. அதனால் உதிர்ந்த இலைகளை எரிக்காமல் செடியடியில் மூடாக்காகப் போடுங்கள். மண்ணை அடிக்கடி கிளற வேண்டாம். எடுத்ததற்கெல்லாம் பூச்சிமருந்து தெளித்தால் புழுவும் சேர்ந்து சாகும். புல்தரையில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் தெரிகின்றனவா? துடைப்பத்தை எடுக்காதீர்கள். அங்கே சம்பளம் இல்லாமல் வேலை நடந்துகொண்டிருக்கிறது.