அலமாரிக்குப் பின்னால் ஒரு சிறுமி

நூலகத்தினுள் காலடி வைக்கலாகாது என்று குழந்தைகளுக்குச் சட்டமிட்ட ஆட்சி ஒன்று இவ்வுலகில் இருந்தது. அந்த ஆட்சியில் அகப்பட்ட ஒரு சிறுமியின் வரலாறு இது.

ஆன் பிராங்க் 1929-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தாள். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வரவே, அவள் தந்தை ஒட்டோ பிராங்க் தம் குடும்பத்தோடு ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். ஆனால் 1940 மே மாதத்தில் ஜெர்மன் படைகள் அந்நாட்டையும் பிடித்துக்கொண்டன. யூதப் பிள்ளைகளுக்குப் பூங்கா இல்லை, சினிமா இல்லை. 1941 செப்டம்பரில் பொது நூலகத்தின் கதவும் அடைபட்டது.

1942 ஜூலையில் ஆனின் அக்காள் மார்கோவைக் கட்டாய வேலைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. மறுநாளே குடும்பத்தார் நால்வரும் தந்தையின் அலுவலகக் கட்டிடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டனர். பின்னர் வேறு நால்வரும் அவர்களோடு சேர்ந்தனர். அதன் வாசலை மறைக்கப் புத்தக அலமாரி ஒன்றைக் கதவுபோல் திறந்து மூடும்படி அமைத்தார்கள்.

கீழே கிடங்கில் வேலையாட்கள் இருக்கும் பகற்பொழுதில் பேச்சு மூச்சுக் கூடாது. விளையாட்டு வயதுச் சிறுமி என் செய்வாள்? படித்தாள். அரச வம்சங்களின் வரலாறும் கிரேக்கப் புராணக் கதைகளும் அவளுக்கு உயிர். மனத்தைத் தொட்ட பகுதிகளை ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பே அவளுடைய தோழி.

அந்தப் புத்தகங்கள் எப்படி வந்தன? அலுவலகத்தில் பணிபுரிந்த மீப் கீஸ் என்ற அம்மையார் சனிக்கிழமைதோறும் நூலகத்திலிருந்து ஐந்து புத்தகங்கள் எடுத்து வருவார். அந்த நாளை எல்லோரும் ஆவலோடு எதிர்நோக்கியிருப்பார்கள். மீப் வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் பசியால் வாடி, பதினோரு வயதில் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, ஒரு குடும்பத்தாரின் ஆதரவில் வளர்ந்தவர். யூதர்களை ஒளித்து வைப்பது சிறைக்கு வழி என்று அறிந்தும் அவரும் அவருடைய தோழர்களும் பின்வாங்கவில்லை.

1944 ஆகஸ்டு 4-ந் தேதி காவலர்கள் உள்ளே புகுந்தனர். எட்டுப் பேரும் பிடிபட்டனர். உதவி செய்த இருவரும் சிறைப்பட்டனர். தரையில் சிதறிக் கிடந்த ஆனின் தாள்களை மீபும் மற்றொரு பணிப்பெண்ணும் பொறுக்கி எடுத்தனர். அவற்றைப் படித்துப் பார்க்காமலே மேசை இழுப்பறையில் வைத்துக் காத்தார் மீப். 1945-ன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மார்கோவும் ஆனும் நோயுற்று இறந்தனர். ஆனுக்கு வயது பதினைந்து. எண்மரில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஒருவரே. அவரிடம் மீப் அந்தத் தாள்களை ஒப்படைத்தார். 1947-ல் அவை நூலாக வெளிவந்தன. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்நூல் வாசிக்கப்படுகிறது.

புத்தகங்கள் ஆனைச் சாவினின்று காக்கவில்லை. ஆயினும் அடைபட்ட அந்த ஈராண்டும் அவள் மனம் வாடாதிருக்கத் துணைசெய்தன. அவை தாமாக நடந்து வரவில்லை; அஞ்சாத ஒருவர் சுமந்து வந்தார். பெற்றோரே, நம் தெருவில் ஒரு புத்தகத்துக்காக ஏங்கும் பிள்ளை யார்? இந்தச் சனிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நமக்கு எந்தத் தடையும் இல்லையே!