யென் ஃபூ

யென் ஃபூ (ஜனவரி 8, 1854 – அக்டோபர் 27, 1921) சீன மொழிபெயர்ப்பாளரும் கல்வியாளரும் ஆவார். மேற்கத்திய மெய்யியல், பொருளியல் நூல்களைச் சீன மொழிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். 'லிபர்ட்டி' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பொருளைச் சீனருக்கு விளக்க இவர் எடுத்த முயற்சி குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

இவர் ஃபூஜியன் மாகாணத்தில் பிறந்தார். மருத்துவரான தந்தை 1866 இல் இறந்தமையால் குடும்பம் வறுமையுற்றது. எனவே உதவித்தொகை வழங்கிய ஃபூசோ கப்பல்தளப் பள்ளியில் சேர்ந்து, ஆங்கிலமும் கப்பலோட்டும் கலையும் கற்றார். 1877 முதல் 1879 வரை இங்கிலாந்தின் கிரீனிச்சில் இருந்த அரச கடற்படைக் கல்லூரியில் பயின்றார். பின்னர் தியான்ஜின் கடற்படைப் பள்ளியில் பணியாற்றினார். அரசுப் பதவிக்கான மரபுவழித் தேர்வை நான்கு முறை எழுதியும் தேர்ச்சி பெறவில்லை.

மொழிபெயர்ப்புகள்

1895 இல் ஜப்பானுடனான போரில் சீனா தோல்வியுற்றது இவரை எழுத்துப் பணிக்குத் திருப்பியது. ஹக்ஸ்லியின் 'பரிணாமமும் அறவியலும்' நூலின் மொழிபெயர்ப்பு 1898 இல் வெளியாகிப் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. ஆடம் சிமித், இசுபென்சர், மான்டெஸ்கியூ ஆகியோரின் நூல்களையும் இவர் மொழிபெயர்த்தார். மூலத்துக்கு உண்மை, தெளிவு, நடையழகு ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்புக்குத் தேவை என்பது இவரது கொள்கை.

'லிபர்ட்டி' என்ற சொல்

ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய 'சுதந்திரம் பற்றி' நூலை மொழிபெயர்த்தபோது, அதன் தலைப்புச் சொல்லே சிக்கலாயிற்று. அதற்கு வழங்கிய 'ட்சூயோ' என்ற சீனச் சொல், கட்டுப்பாடின்றி மனம்போனபடி நடத்தல் என்ற இழிபொருளையும் தந்தது. இதனால் பழைமைவாதிகள் அக்கருத்தைக் கண்டு அஞ்சினர். புதுமை விரும்பிகளோ அதன் எல்லையை அறியாது பயன்படுத்தினர். தடையின்மையே அச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்றும், அடிமைத்தனம் அதன் எதிர்ச்சொல் என்றும் யென் ஃபூ விளக்கினார். ஆங்கிலத்தில் அது பண்பைக் குறிக்கும் பெயர்ச்சொல் என்பதைக் காட்டுவதற்காக, 'யோ' என்பதற்கு அதே ஒலியுடைய வேறோர் எழுத்தைப் பயன்படுத்தினார்.

1900 இல் பாக்சர் கிளர்ச்சியின்போது தியான்ஜினை விட்டு வெளியேறுகையில் இந்நூலின் கையெழுத்துப்படி தொலைந்தது. மேற்கத்தியர் ஒருவர் அதைக் கண்டெடுத்து 1903 இல் அனுப்பிவைத்தார். அவ்வாண்டே நூல் வெளியானது. 'லிபர்ட்டி' சொல்லின் விளக்கம் என்று முன்பு இட்டிருந்த தலைப்பைக் கைவிட்டு, சமூகத்துக்கும் தனிமனிதருக்கும் இடையிலான உரிமை எல்லை என்று பொருள்படும் புதிய தலைப்பை இட்டார்.

பிற்காலம்

1912 இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். 1915 இல் யுவான் ஷிகாயைப் பேரரசராக்க முயன்ற சங்கத்தில் இவர் பெயர் இடம்பெற்றதால் கண்டனத்துக்கு உள்ளானார். அபினிப் பழக்கத்தாலும் நோயாலும் நலிவுற்று ஃபூசோவில் காலமானார்.

தாக்கம்

இவர் உருவாக்கிய கலைச்சொற்கள் பலவற்றின் இடத்தை ஜப்பானிலிருந்து வந்த சொற்கள் பிடித்தன. 'லாஜிக்' என்பதற்கு இவர் ஒலிபெயர்ப்பாகத் தந்த 'லுவோஜி' நிலைத்துவிட்டது. 'லிபர்ட்டி' என்பதற்குப் பழைய எழுத்திலேயே 'ட்சூயோ' வழங்குகிறது; இவர் மாற்றிய எழுத்து வழக்கில் இல்லை.