திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று மரணங்கள்: யார் இந்த ஐடா ஸ்கடர்?

ஆப்பிரிக்க கிராமங்களுக்கு மிஷனரி டாக்டர்கள் விமானத்தில் பறந்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நம்ம ஊரில் மாட்டுவண்டியில் கிளம்பியவர் ஐடா ஸ்கடர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கர். மிஷனரி ஆகவே கூடாது என்றுதான் இருந்தார். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள திண்டிவனம் வந்தார். ஒரு ராத்திரி, அடுத்தடுத்து மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் தொடக் கூடாதாம்! ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அமெரிக்கா போய் 1899-ல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1902-ல் வேலூரில் மருத்துவமனை, பிறகு குடியாத்தம் சாலையோரம் மரத்தடி சிகிச்சை. மாட்டுவண்டி போய் பிரெஞ்சு பூஜோ கார் வந்தது. 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய சிஎம்சி. ஆண்களுக்கு அங்கே 1947-ல்தான் இடம் கிடைத்தது.